மெத்தைக் கடைக்காரியின் முதுகு

உட்கார்ந்து எழுத முடிகிற நிலைக்கு வந்துவிட்டேன், அதனால் எழுதுகிறேன். முதுகுக்குப் பட்டை கட்டிக்கொண்டு சாய்வு நாற்காலியில் கொஞ்ச நேரம் இருக்கலாம். அதற்குமேல் உடம்பு கேட்காது, போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும். மாத்திரைகள் இன்னும் முடியவில்லை. முழுசாகக் குணமான பிறகு எழுதலாமே என்றாள் என் மகள் பிரின்சி. அப்போது எழுதினால் எல்லாம் லேசாக இருந்தது போல எழுதிவிடுவேனோ என்று எனக்குத் தோன்றியது. லேசாக இல்லை.

என் பெயர் எஸ்தர். எங்களுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ராயபுரத்தில் குடியிருக்கிறோம். வண்ணாரப்பேட்டையில் மெத்தைக் கடை. என் கணவர் ஜெயசீலனும் அவருடைய அண்ணன் தங்கதுரையும் சேர்ந்து நடத்துவது. பெண்கள் வாங்க வந்தால் நான்தான் பேசுவேன். தென்னை நார் மெத்தை யாருக்கு ஆகும், லேடெக்ஸ் என்கிற ரப்பர் மெத்தை யாருக்கு, ஸ்பிரிங் யாருக்கு என்று ஆளைப் பார்த்ததும் சொல்லிவிடுவேன். கனமான உடம்புக்கு ஒன்று, ஒருக்களித்துப் படுக்கிறவர்களுக்கு ஒன்று. முதுகுவலி என்று வருகிறவர்கள்தான் எங்களுக்கு அதிகம்.

எனக்கு வலி வந்தது மழைக்காலம் முடிந்தபோது. நடு முதுகில், தோள்பட்டைகளுக்குக் கீழே ஓர் இடம். விரல் வைத்துக் காட்டலாம், அவ்வளவு சின்ன இடம். சாதாரண முதுகுவலி என்றால் படுத்தால் அடங்கும். இது படுத்தால்தான் ஆரம்பித்தது.

"நம்ம மெத்தைய மாத்தி எத்தனை வருசம் ஆச்சு? ஊருக்கெல்லாம் மாத்தச் சொல்லுதோம், நம்ம வீட்டுல மாத்தல" என்றார் கணவர். அடுத்த நாளே கடையிலிருந்து கெட்டியான நார் மெத்தை வந்தது. அதில் படுத்தால் முதுகில் யாரோ முட்டியை வைத்து அழுத்துவது போல இருந்தது. அதை மாற்றி லேடெக்ஸ் கொண்டுவந்தார். பிறகு, ஒவ்வொரு ஸ்பிரிங்கும் தனித்தனித் துணிப்பையில் இருக்குமே, அந்த உயர்ந்த ரகம். பிறகு வெறும் தரையில் பாய். எங்கள் வீட்டு மாடிப்படி குறுகல். அந்த மனிதர் ஒவ்வொரு மெத்தையையும் வளைத்து மடித்துத் தலையில் வைத்து ஏற்றினார். காலையில் கண் விழித்ததும் என் முகத்தைப் பார்ப்பார்.

"எப்படி இருக்கு?"

"கொஞ்சம் தேவலாங்க."

பொய்தான். அவர் முகத்துக்காகச் சொன்னேன்.

இதற்கிடையே உடம்பு மெலிந்தது. ரவிக்கைகளெல்லாம் தொளதொளத்தன. கோயிலில் பெண்கள், "மெலிஞ்சு அழகாயிட்டீங்க, என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டார்கள். சாயங்காலம் ஆனால் உடம்பு லேசாகச் சுடும். கடையில் நின்ற அசதி என்று நினைத்தேன். ஒரு டாக்டரிடம் போனோம். எக்ஸ்ரே பார்த்து, எலும்புத் தேய்மானம் என்று சொல்லி வலி மாத்திரை கொடுத்தார். கிளம்பும்போது, "கெட்டியான மெத்தையா பாத்துப் படுங்க" என்றார். வெளியே வந்ததும் நாங்கள் இருவரும் சிரித்தோம். அதற்கப்புறம் ரொம்ப நாள் சிரிக்கவில்லை.

ஒரு மதியம் வீட்டிலிருந்து சாப்பாடு எடுத்துக்கொண்டு கடைக்கு நடந்து போனேன். வெயில் கொளுத்தியது. கடை வாசலில் கால் வைக்கும்போது பின்னாலிருந்து குரல். தெருமுனை டீக்கடைக்காரர் என்னுடைய இடது கால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னாக்கா, செருப்ப வுட்டுட்டு நடந்துகினே கீற? ரெண்டு தபா கூவுனேன், திரும்பவே இல்ல."

குனிந்து பார்த்தேன். இடது கால் வெறுமையாக இருந்தது. செருப்பு கழன்றது எனக்குத் தெரியவில்லை. அந்தத் தார் ரோட்டுச் சூட்டில் அவ்வளவு தூரம் நடந்திருக்கிறேன், உள்ளங்காலுக்கு அதுவும் தெரியவில்லை. கணவர் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். என் காலைக் கையில் எடுத்துப் பார்த்தார். பாதத்தில் கொப்புளம் கண்டிருந்தது.

மறுநாளே பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். காத்திருக்கும் இடத்தில் பெஞ்சு முழுக்க ஆட்கள். உட்காரவும் வலி, நிற்கவும் பயம். பிரின்சி லீவு போட்டு வந்து என்னைத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். டாக்டர் சின்ன வயதுப் பெண். என் பாதத்தில் பஞ்சால் தடவி, தெரிகிறதா என்று கேட்டார். முழங்காலில் சின்ன ரப்பர் சுத்தியலால் தட்டினார். அவருடைய முகம் மாறியதைப் பார்த்தேன். அன்றைக்கே அட்மிஷன்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் என்றால் ஒரு பெரிய குழாய்க்குள் அசையாமல் படுப்பது. கத்தி இல்லை, ஊசி இல்லை. ஆனால் ஓயாமல் தட்டுகிற சத்தம், அதோடு அசையவே கூடாது. எனக்கு மல்லாந்து படுப்பதே சித்திரவதை. மனசுக்குள் தெரிந்த ஜெபத்தையெல்லாம் சொன்னேன். பாதியில் வார்த்தைகள் மறந்துவிட்டன.

படத்தை வெளிச்சத்தில் பிடித்து டாக்டர் விளக்கினார். "முதுகெலும்பு ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கின கட்டை மாதிரி. நடுவுல மெத்துமெத்துன்னு ஒரு தட்டு இருக்கும், அதுதான் டிஸ்க். உங்களுக்கு ரெண்டு கட்டையும் நடுவுல உள்ள தட்டும் அரிச்சுப் போயிருக்கு. பக்கத்துல சீழ் மாதிரி சேர்ந்து தண்டுவடத்த அழுத்துது. கால் மரத்துப்போறது அதனாலதான்."

"என்ன வியாதி டாக்டர்?" என்று கணவர் கேட்டார்.

"டிபியா இருக்கலாம். வேற எங்கயாவது இருக்கற புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருந்தாலும் இந்த மாதிரி தெரியலாம். ஊசி போட்டுக் கொஞ்சம் எடுத்துப் பாத்தாதான் சொல்ல முடியும்."

குப்புறப் படுக்கவைத்து, ஸ்கேன் பார்த்துக்கொண்டே முதுகு வழியாக நீள ஊசியைச் செலுத்தி, அரித்த இடத்திலிருந்து துளி எடுத்தார்கள். மரத்துப்போக மருந்து போட்டதால் பெரிய வலி இல்லை. முடிவு வரும்வரை காத்திருந்ததுதான் வலி. டிபி எனக்கு வராது, எங்கள் வீட்டில் யாருக்கும் இருமல்கூட இல்லை என்று முதலில் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு பிரின்சி தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுக்கும்போது அவள் விரல்களைப் பார்ப்பேன். இவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லையே என்று நினைப்பேன். கடைசியில், ஆண்டவரே, டிபியாக இருக்கட்டும் என்று மன்றாடினேன். ஒரு வியாதியைக் கேட்டு ஜெபம் செய்வேன் என்று நான் நினைத்ததே இல்லை.

அதற்குள் கால்கள் மோசமாகிவிட்டன. தூக்கச் சொன்னால் தூக்க முடியவில்லை. சிறுநீர் தானாகப் போகாமல் குழாய் வைத்தார்கள். முதுகு திருகாமல் கட்டை மாதிரிதான் திருப்ப வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தந்தார். தோளையும் இடுப்பையும் ஒரே நேரத்தில் பிடித்து உருட்டுவது. பிரின்சியும் வார்டு ஆயாம்மாவும் அப்படித்தான் திருப்பினார்கள்.

அந்தக் கட்டில் மெத்தையைப் பார்த்துத்தான் என் கணவர் நிலைகொள்ளாமல் போனார். ரெக்ஸின் உறை போட்ட மெல்லிய ஃபோம், நடுவில் குழிந்திருந்தது. பெருவிரலால் அமுக்கிப் பார்த்தார். விரல் கட்டில் தகட்டில் போய் இடித்தது. அப்படியே கிளம்பிப் போய்விட்டார். மறுநாள் காலை, எங்கள் கடையிலேயே உயர்ந்த லேடெக்ஸ் மெத்தையை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து, வார்டு வாசல்வரை சுமந்து வந்துவிட்டார்.

சிஸ்டர் தடுத்தார். "இத உள்ள விட முடியாது சார். கட்டில் அளவு வேற. துடைச்சுச் சுத்தம் பண்ணவும் முடியாது, ஈரம் ஊறிடும்."

"உறை போட்டுக்கிடலாம் சிஸ்டர். இதுதான் எங்ககிட்ட இருக்கறதுலயே நல்லது."

"நல்லதுதான் சார். வார்டுக்கு ஆகாது."

அவர் மெத்தையைச் சுவரில் சாய்த்துப் பிடித்தபடி ரொம்ப நேரம் நின்றார். வார்டு முழுக்க அவரைப் பார்த்தது. என்னால் தலையைத் திருப்ப முடியும், அவ்வளவுதான் முடியும். அவர் அதை மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டு படியிறங்கியதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் கன்னியம்மா இருந்தாள். காத்திவாக்கத்துக்காரி. இறால் கூடையோடு வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வந்தவள். "அழாதம்மா. எம்மாம் பாசம் கீது அந்த ஆளுக்கு. என் வூட்டுக்காரன் ஒரு தலைகாணி எடுத்தாரச் சொன்னதுக்கே நாலு நாளா மறந்துகினு கீறான்" என்றாள். நான் அழுவதை நிறுத்தவில்லை. அவளும் பேசுவதை நிறுத்தவில்லை.

முடிவு வந்தது. டிபி. டாக்டர் சொன்னதும் கணவர் கைகூப்பினார். டிபி என்று கேட்டதும் கைகூப்புகிற ஆளை அவர் பார்த்திருக்கமாட்டார். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கிருமி எப்போதோ மூச்சு வழியாக உள்ளே போயிருக்கும், ரத்தத்தின் வழியே எலும்பில் போய்த் தங்கியிருக்கும். நுரையீரல் சுத்தமாக இருக்கிறது, சளியிலும் கிருமி இல்லை, அதனால் யாருக்கும் ஒட்டாது. மாத்திரை நீண்ட மாதங்கள் சாப்பிட வேண்டும், ஒரு நாள்கூட விடக்கூடாது. மாத்திரை தொடங்கியதும் குழாய்ப்பையில் சிறுநீர் ஆரஞ்சு சிவப்பாக இறங்கியது. ரத்தம் என்று நான் கத்திவிட்டேன். மாத்திரையின் நிறம்தான் என்றார்கள்.

அன்று மாலை கணவரின் அண்ணன் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளியே நின்றார். பிறகு தம்பியைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போனார். மெதுவாகப் பேசுவதாக நினைத்திருப்பார். எனக்குக் கேட்டது.

"கடைத்தெருவுல டிபின்னு யாருகிட்டயும் சொல்லாதல. மெத்தைக் கடை வச்சிருக்கோம். மெத்தைங்கறது மனுசன் முகத்த வச்சிப் படுக்கறது. டிபி வீட்டு மெத்தைய எவன் வாங்குவான்?"

"ஒட்டாதுன்னு டாக்டர் சொல்லுதாங்க அண்ணே."

"ஜனங்களுக்கு டாக்டர் வந்து சொல்லுவாராக்கும்?"

என் கணவர் பதில் சொல்லவில்லை. அவர் பேசாமலிருந்தது எனக்கு வியாதியைவிட வலித்தது. அண்ணன் கெட்டவர் இல்லை. அந்தக் கடையில்தான் இரண்டு குடும்பமும் சாப்பிடுகிறது. அதனாலேயே என்னால் அவரைத் திட்டவும் முடியவில்லை.

அறுவை சிகிச்சை செய்து சீழை எடுக்கவேண்டும் என்றார்கள். ஆனால் ரத்தம் குறைவாக இருந்தது, காய்ச்சலும் இறங்கவில்லை. தேதி தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அந்தக் காத்திருப்பில்தான் பிரின்சி என்னைத் துடைத்துவிடும்போது சட்டென்று நிறுத்தினாள்.

"அம்மா, இங்க வலிக்கலையா?"

எங்கே என்று கேட்டேன். முதுகின் அடியில், வால் எலும்பின் மேல். தோல் சிவந்து, நடுவில் உரிந்திருந்தது. படுக்கைப் புண். எனக்கு எதுவும் தெரியவில்லை. சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவளுக்கு வேர்க்குரு வந்தால்கூட ஊதி ஊதிப் பவுடர் போடுவேன். இப்போது என் உடம்பு எனக்கே தெரியாமல் அழுகத் தொடங்குகிறது என்று நினைத்தேன்.

டாக்டர் என் கணவரிடம் சொன்னார். அசைய முடியாதவர்களுக்கு மெத்தை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் போதாது. ஒரே இடத்தில் எடை தங்கினால் அங்கே ரத்தம் ஓடாது, தோல் செத்துவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும், ஏர் பெட் போட வேண்டும். ஏர் பெட் என்பது காற்றறைகள் உள்ள விரிப்பு. சின்ன மோட்டார் ஓர் அறைவரிசையில் காற்றை நிரப்பும், மறுவரிசையில் இறக்கும். எடை இடம் மாறிக்கொண்டே இருக்கும். என் கணவர் மருத்துவப் பொருள் கடைக்குப் போய் அதை வாங்கிவந்தார். இன்னொருவர் கடையில் அவர் மெத்தை வாங்கியது அதுதான் முதல் தடவை. எப்படிப் போடுவது என்று கடைக்காரரிடம் மூன்று தடவை கேட்டாராம்.

மோட்டார் விடாமல் முனகியது. எனக்குக் கீழே ஏதோ ஏறி ஏறி இறங்கியது. "உன் கட்டில் மூச்சு வுடுது பாரு. என்னுது செத்த மாதிரி கீது" என்றாள் கன்னியம்மா. எனக்குக் கேட்கப் பிடிக்கவில்லை. என் கட்டில் மூச்சுவிடுகிறது, நான் எதற்கு விடுகிறேன் என்றுதான் தோன்றியது.

மாத்திரை வாந்தியாக வந்தது. மோர்கூட நிற்கவில்லை. ஒரு பகல், கணவர் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது வாயைத் திறக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

"வேண்டாங்க. போதும். கால் வராது. புண்ணு வந்துட்டு. ஒரு மூலையில கெடந்து பிரின்சி வாழ்க்கையையும் கெடுக்கணுமா? என்ன விட்டுருங்க."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து நெற்றியைக் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் வைத்துக்கொண்டார்.

"வீட்டுல உனக்கு வாங்கிப்போட்ட மெத்தை எல்லாம் கெடக்கு. ஒவ்வொண்ணுலயும் படுத்துப் பாத்துட்டேன் எஸ்தர். எதுலயும் தூக்கம் வரல" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். மாத்திரை மறுபடி வாந்தியாக வந்தது. டாக்டர் வாந்திக்கு ஊசி போட்டார். மறுபடி கொடுத்தார்கள். அப்படியே ஒவ்வொரு நாளாகப் போனது. தைரியம் வந்து சாப்பிட்டேன் என்று சொல்லமாட்டேன். மறுத்துப் பேசத் தெம்பில்லை.

அறுவை சிகிச்சை அன்று கையெழுத்து வாங்கும்போது டாக்டர் மறைக்காமல் சொன்னார். சீழை வடித்து, அரித்த எலும்பை எடுத்து, மேலும் கீழும் திருகாணி போட்டுக் கம்பியால் பிடிப்போம். கால் திரும்பும் என்று நம்புகிறோம், உறுதி சொல்ல முடியாது. பிரின்சி என் காதில் இருந்த கம்மலைக் கழற்றித் தன் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். தள்ளுகட்டிலில் போகும்போது கன்னியம்மா கட்டிலில் இருந்தே, "போய்க்கினு வா, நான் எங்கயும் போவ மாட்டேன்" என்றாள். நான் திரும்பி வந்தபோது அவளை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

கால் உடனே வரவில்லை. வரும் என்று எல்லாரும் சொன்னார்கள், யாரும் என் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. சில வாரங்கள் கழித்து, இடது உள்ளங்காலில் மிளகாய் தேய்த்தது போல எரிச்சல் எடுத்தது. தாங்க முடியாத எரிச்சல். பிசியோவிடம் அழுதுகொண்டே சொன்னேன். அவர் சிரித்தார். நரம்பு விழிக்கிறது என்றார். அதற்குப் பிறகு கட்டைவிரல், கணுக்கால், முழங்கால். வாக்கரைப் பிடித்து நின்ற அன்றைக்கு என் கால்கள் வேறு யாருடையவோ போல நடுங்கின. குழாயை எடுத்தார்கள். புண் மெல்ல ஆறியது. வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

வீட்டில் எந்த மெத்தையில் படுப்பது என்று கணவர் டாக்டரிடம் கேட்டார். கல் மாதிரியும் வேண்டாம், அமுங்குவதும் வேண்டாம் என்றார் டாக்டர். இனி புரண்டு படுக்க முடியும் என்பதால், சிரமமில்லாமல் திரும்ப முடிகிறதா, காலைத் தொங்கப்போட்டு எழ முடிகிறதா என்று பார்த்து எடுங்கள் என்றார்.

இத்தனை வருஷம் முகம் தெரியாத ஆட்களுக்கெல்லாம் ஒரு பார்வையில் மெத்தை சொன்ன மனிதருக்கு எனக்கு எதுவென்று தெரியவில்லை. வீட்டிலிருந்த பழையவற்றையெல்லாம் அப்புறப்படுத்தியிருந்தார். "நீயே வந்து படுத்துப் பாரு" என்றார். அண்ணன் போனில், "கடைக்கு மட்டும் கூட்டிட்டு வராதல" என்றார். இந்தத் தடவை என் கணவர், "கூட்டிட்டுதான் வருதேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நல்ல வியாபார நேரம். ஆட்டோவிலிருந்து வாக்கரோடு இறங்கினேன். உள்ளே மீஞ்சூரிலிருந்து ஒரு குடும்பம், கல்யாணத்துக்குக் கட்டிலும் மெத்தையும் பார்த்துக்கொண்டிருந்தது. பெண்ணின் அம்மா என் முதுகுப் பட்டையைப் பார்த்தார்.

"பாவம், என்னங்க ஆச்சு?"

"சும்மா, தவறி விழுந்துட்டா" என்று அண்ணன் தொடங்கினார்.

"டிபிம்மா" என்றார் என் கணவர். "முதுகெலும்புல வந்துது. நுரையீரல்ல இல்ல. யாருக்கும் ஒட்டாது. ஆபரேசன் ஆயிட்டு."

அந்த அம்மா தலையாட்டினார். மகளின் கையைப் பிடித்தார். "இன்னும் ரெண்டு கடை பாத்துட்டு வர்றோம்" என்று சொல்லி எல்லாரும் இறங்கிப் போனார்கள். அண்ணன் என்னைப் பார்க்காமல் விலைச்சீட்டுகளை அடுக்கினார். எனக்கு ஆட்டோவில் திரும்ப ஏறிவிடலாம் போலிருந்தது.

கணவர் ஒரு மெத்தையில் புது விரிப்பைப் போட்டார். "படு" என்றார்.

படுத்தேன். அவர் உள்ளங்கையை என் இடுப்பு வளைவின் கீழே நுழைத்தார். கை லேசாகப் போய்வந்தால் மெத்தை கெட்டி, உடம்பைத் தாங்கவில்லை என்று அர்த்தம். நுழையவே இடமில்லாமல் உடம்பு புதைந்தால் மெத்தை குழைவு. முதல் மெத்தையில் கை தாராளமாகப் போனது. அடுத்ததில் நான் புரள முடியாமல் திணறினேன். எழுப்பி உட்காரவைத்து, மூச்சு வாங்கவிட்டு, இன்னொன்றில் படுக்கவைத்தார். கீழே நார், மேலே மூன்று விரல் உயரத்துக்கு லேடெக்ஸ். விலை நடுத்தரம். கை கொஞ்சம் இறுக்கமாக, ஆனால் தடையில்லாமல் நுழைந்தது. நானாகவே ஒருக்களித்தேன். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வைத்தார்.

"இது எப்படி?"

பதில் சொல்ல நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

கண் விழித்தபோது தெருவில் விளக்கு போட்டிருந்தார்கள். எங்கே இருக்கிறேன் என்று தெரிய நேரமாயிற்று. கணவர் பக்கத்திலேயே, அடுக்கி வைத்திருந்த மெத்தைகளின் மேல் சாய்ந்து வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். யாரோ இரண்டு பெண்கள் ஏதோ விலை கேட்டுச் சத்தமாகப் பேசியபடி படியேறினார்கள். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த அண்ணன் எழுந்து அவர்களை மறித்தார்.

"மெதுவா பேசுங்கம்மா" என்றார். "உள்ள எங்க வீட்டுப் பிள்ளை தூங்குது."